முள் தெரியும் மீன்

டார்வின்,
3.6.1957

அன்புத் தங்கச்சி கைருன்னிஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உம்மாவின் இருமல் எப்படியென்று எழுது. உன் போன கடிதம் முழுக்க நீ படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துப் புதினங்கள்தான்.

ஆசிரியப் பயிற்சிக்காக என்னை இங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகள். இவர்கள் மரப்பட்டையில் மீன் வரைந்தால் உள்ளே இருக்கும் முள்ளும் தெரியும். ஒன்றைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கே சமைக்கும் அவர்கள் இனத்து டெயிசியின் வீட்டுப் படம், சந்தோஷமாகத் தந்தாள். உன் மூன்றாம் வகுப்புக்குக் காட்டு. சுண்ணாம்பும் கரியும் செங்கல் தூளும் போதும்.

வஸ்ஸலாம்.
உன் காக்கா,
றஸாக்


மருதமுனை,
26.6.1957

அன்புள்ள காக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உம்மாவுக்கு இருமல் குறைவு. உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப என்னை வாசிக்க வைத்தா.

உங்கள் மீன் என்னைப் படுத்திய பாடு! வகுப்புச் சுவரின் நடுவில் அதை நான் வரைந்தேன். சுற்றிவரப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பாரையையும் கெளுத்தியையும் முள்ளோடு வரைந்தார்கள். ஈர்க்கை மென்று தூரிகையாக்கினார்கள். நெசவுக்காரரின் பிள்ளைகள் மிச்சச் சாயத்தைச் சிரட்டையில் கொண்டுவந்தார்கள்.

அடுத்த நாளே பள்ளிக்கூட மனேஜர் ஸைனுலாப்தீன் மரைக்கார் வந்து நின்றார். "உசிருள்ளதுக்கு உருவம் கீறுறது மார்க்கத்துல ஹறாமெண்டு தெரியாதா? வெள்ளையடிங்க!" என்றார். வாப்பாவும் அவர் பக்கம். நான் வேலைக்குப் போவது வாப்பாவுக்கு முதலே பிடிக்காது; இதைச் சாட்டி என் வேலையை நிறுத்தப் பார்க்கிறார். நான் சுண்ணாம்பு எடுக்கத் திரும்பினேன்.

அப்போது கரைவலைக்காரரின் மகள் சுல்பிகா எழுந்தாள். "முள்ளுத் தெரியுதே மரைக்காரப்பா! அது உசிரோட இல்ல. சட்டியில ஆணம் காச்ச அரிஞ்ச மீன்!"

மனுஷர் சிரிப்பை அடக்கத் தாடியைத் தடவினார். பிறகு ஊர் மீன் போலில்லாத நடு மீனைக் காட்டி, "இது ஆருட மீன்? கேட்டு எடுத்ததா?" என்றார். "வல்லாஹி, அவங்க விரும்பித் தந்தது" என்று சத்தியம் பண்ணினேன். சுவரும் தப்பியது, நானும் தப்பினேன்.

கல்முனை ஸ்டூடியோக்காரர் பிடித்த படத்தை அனுப்புகிறேன். டெயிசிக்குக் காட்டுங்கள்.

வஸ்ஸலாம்.
உங்கள் அன்புத் தங்கச்சி,
கைருன்னிஸா


டார்வின்,
13.7.1957

தங்கச்சி,

ஸலாம். இது கிடைத்த உடனே சுவரை வெள்ளையடி. நீ அனுப்பிய படம் என் மேசையில் கிடந்தது. தேநீர் கொண்டுவந்த டெயிசி பார்த்துவிட்டாள். அந்த மீனை அவளுடைய தகப்பன் வழியார் மட்டும்தான் வரையலாமாம். நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் அடுப்படியில் நின்ற நேரம் பார்த்து அவளுக்குத் தெரியாமல் எடுத்த பிரதி அது. ஒரு மீனுக்கு இவ்வளவு ரோசம் வருமென்று யார் கண்டது?

அவள் இந்தப் பள்ளிக்கூட அதிபரிடம் போனால் என் புலமைப்பரிசில் போய்விடும். என் ஊர்ப் பிள்ளைகள் தாமாக வரைந்தது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் விசாரித்தால் நீயும் அப்படியே எழுது. ஊரில் மூச்சு விடாதே. உனக்கொரு கைக்கடிகாரம் வாங்கியிருக்கிறேன்.

வஸ்ஸலாம்.
றஸாக்


மருதமுனை,
30.7.1957

காக்காவுக்கு,

நடு மீனை என் கையாலேயே சுண்ணாம்பு பூசி அழித்தேன். மற்றவை பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சட்டியில் கண்ட மீன்கள், அவற்றைத் தொடவில்லை. "ஏன் டீச்சர் அழிக்கீங்க?" என்று சுல்பிகா கேட்டாள். "கேக்காம எடுத்தது, மகள்" என்றேன். "அப்ப எடுத்தவரை இப்பக் கேக்கச் சொல்லுங்களேன்" என்றாள்.

பிறகு மரைக்காரிடம் போய், நான் பண்ணிய சத்தியம் பொய்யென்று சொன்னேன். பிள்ளைகளின் மீன்கள் இருக்கலாமாம். பொய்ச் சத்தியம் பண்ணிய டீச்சர் இருக்கக் கூடாதாம். வாப்பாவுக்கு நிம்மதி. எனக்கு நெஞ்சு எரிகிறது காக்கா. உங்கள் மேல்தான் ஆத்திரம்.

அடுத்தவருக்கு உரிமையான ஹக்கை எடுத்தால் அவரே மன்னித்துப் பொருந்த வேண்டும், அதுவரை அல்லாஹ்வும் மன்னிக்க மாட்டான் என்று எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள். டெயிசியிடம் உள்ளதைச் சொல்லிப் பொருத்தம் கேளுங்கள். படிப்புப் போனால் போகட்டும். என் வேலையும் போய்விட்டதுதானே. கைக்கடிகாரம் வேண்டாம்.

டெயிசி பொருந்திக்கொண்டால் எனக்கு எழுதுங்கள். அதுவரை உம்மாவுக்கு வரும் உங்கள் கடிதங்களைத் தபால்காரர் பளீல் வாசித்துக் காட்டுவார்.

கைருன்னிஸா