‘வாசல்ல லோரி நிக்குது’ இனி நீ பாடிய வரிசையில்

என் அன்பு மச்சான் குணா,

நேற்று மாலை ஐந்தே காலுக்கு வசந்தி கிள்ளான் வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள்: உன் ஆல்பம் இசைத்தட்டாக வெளிவருகிறது, பாடல்கள் நீ நினைத்த வரிசையிலேயே இருக்கும். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். “எத்தன தடவ சொல்றது அண்ணே, நீங்க என்ன பேட்டியா எடுக்குறீங்க?” என்றாள். உன் மனைவி, என் தங்கை. அவளைவிட நம்பகமான தகவல் வட்டாரம் எனக்கு இல்லை.

நீ கண்ணை மூடி இரண்டு ஆண்டாகிறது, அதனால் உனக்கு எதுவும் தெரிந்திருக்காது. வரிசையாகச் சொல்கிறேன். எனக்கே இன்னும் படபடப்பு அடங்கவில்லை. ஏதாவது முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்.

கம்போங் மேடானில் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான் கோபி. ஒரு பழைய பொருள் சந்தையில் அவனுக்கு உன் கேசட் கிடைத்திருக்கிறது. அட்டையில் உன் கையெழுத்தில் ‘வாசல்ல லோரி நிக்குது’ என்றிருந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாங்கியவன், வீட்டில் கேட்டுவிட்டு இணையத்தில் ஏற்றிவிட்டான். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

உன் ஆல்பத்துக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள், மச்சான். போர்ட் கிள்ளான் கிடங்கில் ஓய்வு நாட்களில் நீயும் நண்பர்களும் பதிவு செய்த அந்த ஒன்பது பாட்டுக்கு! மாற்று ராக் என்று நீ சொன்னபோது எதற்கு மாற்று என்று நான் கிண்டல் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? இன்று அதே சொல்லைப் போட்டு, எனக்குப் பேரப்பிள்ளை வயதிருக்கும் ஆட்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

அவர்கள் எழுதியதைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒருவர்: “மொத பாட்டு கேட்டு தலவலி வந்துருச்சு. ஆறு தடவ கேட்டுட்டேன்.” இன்னொருவர்: “இது பாட்டா, இல்ல கிடங்குல சாமான் எண்ணுறாங்களா?” அதற்குக் கீழே வேறொருவர்: “ரெண்டும்தான் லா, அதான் கெத்து.” ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி வரும்போது அடிக்கும் ‘பீப் பீப்’ சத்தத்தை நான்காவது பாட்டுக்குத் தாளமாக வைத்தாயே, அதைப் பற்றி மட்டும் தனியாக ஒரு சண்டை நடந்தது. கிடங்கில் வேலை செய்யும் ஒருவர், வேலையில் கேட்டது போதாதா, வீட்டுக்கு வந்தும் இதையே கேட்க வேண்டுமா என்று திட்டியிருந்தார்.

போன மாதம் பிரிக்பீல்ட்சில் ஒரு கடையின் மாடியில் ஞாயிறு காலை கூடி ஆல்பத்தை முழுதாகக் கேட்கப் போவதாக அறிவித்தார்கள். எங்கள் பத்திரிகை ஆசிரியர் என்னைப் போய் எழுதிவரச் சொன்னார். நான் உன் மைத்துனன் என்று அவருக்குத் தெரியாது. அங்கே வந்தவர்களுக்கும் தெரியாது. நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

கேசட்டின் ‘அ’ பக்கத்தைப் போட்டான் கோபி. எடுத்த எடுப்பிலேயே, “என் கால்லதான்! என் கால்லதான்!” என்று நீ கத்துகிறாய். அறை முழுவதும் எழுந்து உன்னோடு சேர்ந்து கத்துகிறது. பாதிப் பேர் அணிந்திருந்த சட்டையில் அதே வரி அச்சாகியிருந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று நிருபராகக் கேட்டேன். செமினியிலிருந்து வந்திருந்த சாந்தி டீச்சர், “ரப்பர் தோட்டத்த விட்டு வெளிய வந்த சனங்க சொந்தக் கால்ல நிக்கிறத சொல்றாரு சார்,” என்றார். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் பிரகாஷ் விடவில்லை. “அய்யோ டீச்சர், அது பிரேக்கு. எறக்கத்துல லோரி போகுது, எல்லாரு உயிரும் எங்க இருக்கு? என் கால்லதான்!” கோபிக்கு அது பந்து விளையாட்டு: பந்து அவர் காலில். நான் மூன்றையும் எழுதிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பக்கம் முடியும்போது உன் குரல் வருகிறது: “முடிஞ்சது லா. வயர சுத்துங்க. பசிக்குது, சாப்பிட போலாம்.” உடனே எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கூட்டம் கலைகிறது என்று நினைத்து நானும் பேனாவை மூடினேன்.

“எங்க அங்கிள் கெளம்பிட்டீங்க? இன்னும் ஒரு பக்கம் இருக்கு. சாப்பிட்டு வந்து கேப்போம்,” என்றான் கோபி.

“ஏன் இப்பவே கேக்கக் கூடாது?”

“கேசட்டே சாப்பிட போகச் சொல்லுதுல்ல? எப்பவும் இப்படித்தான். திரும்பி வந்தா ‘ஹலோ, கேக்குதா, ஆரம்பிக்கலாமா’ன்னு கேப்பாரு பாருங்க. நமக்காகக் காத்துக்கிட்டு இருந்த மாதிரியே இருக்கும்.”

கீழே போய்த் தோசை சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உள்ளதுபோல உன் ஆல்பத்துக்கும் ஒரு முறை வந்துவிட்டது, குணா. பாதியில் முடிந்து, சாப்பிட்டுவிட்டு வந்து, மறுபடி தொடங்கி, கடைசிப் பாட்டின் நடுவிலேயே அறுந்துபோகிற ஆல்பம். “இது ஒரு வட்டம் அங்கிள். இந்த மாதிரி யாரு யோசிப்பா?” என்று கோபி என் தோளைத் தட்டிக் கேட்டான்.

யாரும் யோசிக்கவில்லை. அது நான் செய்த தவறு.

உன்னிடம் ஒருநாளும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். கேசட்டுகளுக்கு லேபிள் ஒட்டும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். நீ இரட்டை ஷிஃப்டில் இருந்தாய். நாடா முழுவதும் இடப்பக்கச் சக்கரத்தில் சுற்றியிருந்தால் அதுதான் முதல் பக்கம் என்று எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. பிரதி எடுத்தவர் முதல் பக்கத்தைக் கடைசியாகப் பதிவு செய்துவிட்டு, நாடாவைத் திருப்பிச் சுற்றாமலேயே கொடுத்திருந்தார். அதனால் ‘அ’ லேபிள் அத்தனையும் இரண்டாம் பக்கத்தில் ஏறிவிட்டது. ஒரே ஒரு கேசட்டைப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சரிபார்க்காத செய்தியை அச்சுக்கு அனுப்பாதே என்று அலுவலகத்தில் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தவன் நான்.

ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அதற்குள் கேசட்டுகள் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் கடைகளுக்குப் போய்விட்டன. பாட்டு பாதியில் தொடங்குகிறது, கெட்டுப்போன சரக்கு என்று கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்தபோது, அவர்களின் டேப்ரெக்கார்டரைத்தான் நீ குறை சொன்னாய். பிறகு மக்களுக்குப் புரியவில்லை என்றாய். அதன் பிறகு கிதாரை எடுக்கவே இல்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். வாய் திறக்கவில்லை.

அன்று பிரிக்பீல்ட்ஸ் மாடியில் எனக்கு இரண்டே வழி இருந்தது. வட்டம் என்று அவர்கள் சொன்னதை அப்படியே எழுதலாம், நல்ல செய்தி. ஆனால் பொய் என்று தெரிந்தே எழுத வேண்டும். இசைத்தட்டு தயாராகப் போகிறது, அதிலும் இதே வரிசைதான் என்று கோபி அறிவித்தபோது கையைத் தூக்கினேன். நான் யார் என்பதையும், என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன்.

பிரகாஷ்தான் முதலில் வாயைத் திறந்தார். “அங்கிள், வெளையாடாதீங்க. இந்தச் சட்டய நான் நாலு வாங்கி வச்சிருக்கேன்.”

கேசட்டின் மறுபக்கத்தை முதலில் போடு, பிறகு ‘அ’ பக்கத்தை என்றேன். கோபி முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டான். “ஹலோ, கேக்குதா, ஆரம்பிக்கலாமா?” என்று நீ தொடங்கினாய். அந்தப் பக்கத்தின் கடைசியில் ஆற்றுப் பாட்டு வந்தது. “ஆத்தோட போன என் செருப்பு, அக்கரையில யாரு கால்ல நடக்குது?” என்று கேட்டாய். நாடா முடிந்தது. அவர்கள் இத்தனை நாளும் ஆல்பத்தின் கடைசி வரி என்று நம்பிய கேள்வி அது.

பாட்டு ஒரு பக்கத்தில் அடங்காது என்று பிரதி எடுப்பவர் சொன்னபோது நீ சொன்னதை அவர்களிடம் சொன்னேன்: “ரெண்டா வெட்டுங்க. கேசட்ட திருப்புற நேரம் கொஞ்சம் யோசிக்கட்டும்.” கோபி கேசட்டைத் திருப்பினான். நீ பதில் சொன்னாய்.

“என் கால்லதான்! என் கால்லதான்!”

“அடப்பாவி,” என்றார் பிரகாஷ், “செருப்பா?”

அந்த அறை வெடித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். சாந்தி டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அக்கரைக்கு இவரே போயிட்டாரு, செருப்பத் தேடி இவரே போயிட்டாரு!” என்றார். மறுபடி போடு, மறுபடி போடு என்று ஐந்து முறை திருப்ப வைத்தார்கள். ஒரு பாட்டை அவர்கள் முதன்முறையாக முழுதாகக் கேட்டார்கள், மச்சான். எனக்கும் அது முதன்முறை போலத்தான் இருந்தது.

ஆனால் கோபி ஒத்துக்கொள்ளவில்லை. “அங்கிள், எல்லாரும் காதலிச்சது அந்த ஆல்பத்த. நீங்க தப்பா ஒட்டினதுதான் நல்லாருக்கு. சாப்பாட்டுக்கு என்ன பண்றது?” என்றான். பாதிப் பேர் அவன் பக்கம். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. கடைசியில் உன் பாட்டு வசந்தியின் கையில், அவள் சொல்வதே முடிவு என்றார்கள்.

மறுநாள் கிள்ளானுக்குப் போனேன். உன் மனைவி முழுதும் கேட்டுவிட்டு, “அவருகிட்ட இருந்தது லேபிள் ஒட்டாத கேசட்டு அண்ணே. நீங்க ஒட்டுறதுக்கு முன்னாடியே ஒன்னு எடுத்துட்டு வந்துட்டாரு. கடைசி வரைக்கும் அதத்தான் கேட்டாரு,” என்றாள். அப்படியென்றால் உனக்குத் தெரியவே தெரியாது. அவள் உள்ளே போய்விட்டாள். வாசல் கேட்டை நானே சாத்திக்கொண்டு வந்தேன். மூன்று வாரம் அவள் என் போனை எடுக்கவில்லை.

நேற்றுதான் அழைத்தாள். “அவரு பாடினத அவரு சொன்ன மாதிரியே போடச் சொல்லுங்க. எப்ப சாப்பிடறதுன்னு அந்தப் பசங்களே முடிவு பண்ணிக்கட்டும்.” இதை உடனே கோபியிடம் சொன்னேன். “சரி அங்கிள். முடிஞ்ச பிறகு சாப்பிட்டா இன்னும் நிறைய சாப்பிடலாம்,” என்றான். நேற்றிலிருந்து அவர்களின் வாட்ஸ்அப் குழு ஓயவில்லை. துரோகம் என்று ஒருவர், கடைசியில் நியாயம் கிடைத்தது என்று இன்னொருவர். பிரகாஷ் மட்டும் ஒரு ஜோடி செருப்பின் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

லேபிள் மாறியதைச் சொல்லும் திருத்தத்தைப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வரும் ஞாயிறு இதழில் வரும். தவறு யாருடையது என்று எழுதாமல் விடலாமே என்றார் ஆசிரியர். முழுப் பெயரோடு போடச் சொன்னேன். இனி உன்னைப் பற்றி யார் எது கேட்டாலும், தெரிந்ததை மறைக்க மாட்டேன் என்று உனக்கு வாக்குத் தருகிறேன்.

உறுதியாகாதது இது மட்டும்தான். மாதிரித் தட்டு வியாழன் மதியம் கிள்ளான் வீட்டுக்கு வருகிறது. வசந்தி முழுதும் கேட்டுச் சம்மதம் சொன்னால்தான் மற்றவை அச்சாகும். அன்று என்னையும் வரச் சொல்வாளா என்று இன்னும் தெரியவில்லை. அதற்குப் புதன்கிழமை பதில் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

உன் மச்சான்,
வசந்தியின் அண்ணன் மணியம்