கிணற்றின் மேல் பனைமரம்

12 மார்ச் 1971, வெள்ளி

என் சிலம்பக் கூடத்தில் இன்று ஏசுதாஸ் செத்திருப்பான். காக்களூர் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன், இரண்டு பெண்களுக்குத் தகப்பன். கூடத்துக்குப் பின்னால் உள்ள பாழுங்கிணற்றின் குறுக்கே கிடக்கும் பனைமரத்தில் கம்பு சுற்றியபடி நடந்து கடந்தால்தான் திருவிழாவில் ஆட விடுவேன் என்று சொல்லியிருந்தேன். பாதி வழியில் கீழே பார்த்துவிட்டான். கம்பு நழுவிக் கிணற்றடிப் பாறையில் மோதியது. அவன் மரத்தைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டான்.

"வாத்தியாரே, முன்னாலயும் போவ முடியல, பின்னாலயும் வர முடியல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மரத்தின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, மெல்ல நகர்ந்து போய் அவன் கணுக்காலைப் பிடித்தேன். "கண்ண மூடிக்கோ. அப்டியே பின்னால நவுந்து வா. நான் புடிச்சிக்கினு கீறேன்."

கரைக்கு வந்ததும் அழுதான். "உங்களுக்குப் பயம்னா இன்னான்னே தெரியாது வாத்தியாரே" என்றான். நான் தலையாட்டினேன்.

பத்து வருடமாக எத்தனையோ பேரை அந்த மரத்தில் ஏற்றிவிட்டிருக்கிறேன். நான் ஏறியது இன்றுதான் முதல் தடவை. இப்போதும் எழுத்து கோணுகிறது.

நாளைக்கு அந்த மரத்தை எடுத்துவிட வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். ஏசுதாஸிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.