என் கைக்குப் பத்தாத பட்டை

மார்ச் 4

இன்று என் மானம் ‘பர்ர்’ என்ற சத்தத்தோடு போனது. மகள் பிரஷர் பார்க்க என் கையில் பட்டையைச் சுற்றினாள். காற்று ஏற ஏற, அது பிய்த்துக்கொண்டு போய்க் காபி டம்ளரில் விழுந்தது. ஆயுசு முழுக்க பேக்கரியில் வேலை பார்த்தவன் கை வேறு எப்படி இருக்கும்? மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மகள் சிரிக்கவில்லை. பட்டையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மார்ச் 5

மகள் தன் நர்ஸ் தோழியிடம் பெரிய பட்டை வாங்கி வந்தாள். முதலில் பழையதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்: நூற்று ஐம்பத்திரண்டு. பிறகு பெரியது: நூற்று இருபத்தாறு. அதே கை, அதே நாற்காலி.

“அட, உட்கார்ந்த எடத்துலயே குணமாயிட்டேனே!” என்றேன்.

“சும்மா இருங்கப்பா.” முகம் வெளுத்துவிட்டது. “குண்டுக் கைக்குச் சின்னப் பட்டை கட்டினா கூடத்தான் காட்டும். தெரியும். கொஞ்சம்தானே வித்தியாசம் வரும்னு நெனச்சேன். ஆபீஸ்ல பெரிய பட்டை இல்லைன்னதும், எல்லாருக்கும் இதையே கட்டுங்கன்னு சொன்னது நான்தான்.”

வீடு வீடாகப் போய், யாருக்குப் பிரஷர் என்று ஆய்வு செய்யும் குழுவுக்கு இவள்தான் தலைவி. அதிகம் காட்டியவர்களை டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. என் மண்டை பேக்கரி அடுப்பு மாதிரி, மெதுவாகத்தான் சூடேறும்.

“மாமாவுக்கும் நான்தானேப்பா கட்டினேன்?”

ஐயோ. என் மச்சான்! என்னைவிடக் குண்டு. இவள் பார்த்துச் சொல்லித்தான் மாத்திரை ஆரம்பித்தான். போன வாரம் குளியலறையில் விழுந்து நெற்றியில் தையல். வேண்டாத மாத்திரையால் பிரஷர் இறங்கித் தலைசுற்றியிருக்கிறது; நாங்கள் எல்லாரும் வழுக்கிவிட்டது என்று சோப்பைத் திட்டினோமே!

மார்ச் 6

மாவில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

மார்ச் 7

டாக்டர் பெரிய பட்டை கட்டிப் பார்த்துவிட்டு, மச்சானின் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். மகள் அழுதாள்.

“விழுந்தது நானு, நீ ஏம்மா அழற? எல்லாரும் அந்த சோப்புகிட்ட மன்னிப்புக் கேளுங்க,” என்றான் மச்சான். சிரித்தோம். பிறகு அவனே, “இன்னும் எத்தனை குண்டனுங்க சும்மாவே மாத்திரை முழுங்கிட்டிருக்கானுங்களோ,” என்றான்.



மார்ச் 10

மகள் தன் தவறை மேலாளரிடம் சொல்லிவிட்டாளாம். “நம்ம ஆய்வு அறிக்கை மேல போயாச்சு. அடுத்த மாசம் உனக்குப் பதவி உயர்வு. யார் கையை யார் அளக்கப் போறா?” என்றாராம்.

“நீங்க என்னப்பா சொல்றீங்க?”

“சாப்பிட்டுட்டுப் பேசலாம்மா.” அப்பன் வாயிலிருந்து வந்த அரிய அறிவுரை இது! அவள் சாப்பிடவும் இல்லை.

மார்ச் 11

தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டாள். தவறு தன்னுடையது என்று முதல் வரியிலேயே.

ஏப்ரல் 2

பதவி உயர்வு போயிற்று. குழுவுக்கு வேறு தலைவி. அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மகள் பெரிய பட்டையோடு பழைய வீடுகளுக்கே மறுபடி நடக்கிறாள். ஒரு அம்மாள் முகத்திலடித்த மாதிரி கதவைச் சாத்தினாராம். “இன்னொருத்தர் தண்ணி குடுத்தாருப்பா,” என்றாள்.

சாயங்காலம் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். “கையை நீட்டுங்க. பேசாதீங்க, பேசினா அளவு ஏறும்.”

பட்டை கையைச் சுற்றிக் கச்சிதமாக உட்கார்ந்தது. நான் பேசவில்லை. அன்று இவள் என் யோசனையைக் கேட்டபோது என் நாக்கு நுனிவரை வந்திருந்தது, “விட்டுடும்மா, யாருக்குத் தெரியப்போகுது” என்பதுதான்.