ஓர் ஆசனத்துக்கு இரு வேந்தர்

முகில் பொய்க்காத முகிற்கோட்டு நாட்டின் இரு கரைக்கும் தாயும், மறைந்த மாமன்னர் நெடுவேளின் பட்டத்தரசியும், ஆற்றிடைத் தீவில் கல்விச்சாலை எடுப்பித்து அதன் முதற்கல்லைத் தம் கையால் வைத்தவருமான அல்லியங்கோதை நாச்சியாரின் திருமுன்பு, இரு கரைக்கும் பொதுவாக நிற்கும் பேரமைச்சன் வயிரங்கண்ணன் பணிந்து விடுக்கும் ஓலை. தாங்கள் உறையும் புன்னைவனத்தில் பூவும் நீரும் குறையாதிருக்குக. அங்குள்ள பசுக்களும் பணிமகளிரும் நலமே வாழ்க. இங்கும் நலம் என்று எழுத எழுத்தாணி ஓடவில்லை, தாயே.

கல்விச்சாலையில் இன்றும் நாளையும் வேனில் விழா. வில்விழா, குதிரைப் பந்தயம், கூத்து, மலர்க்காட்சி, பழைய மாணாக்கர் கூட்டம், பட்டமளிப்பு என, கல்யாணத்தையும் காதுகுத்தையும் ஒரே முகூர்த்தத்தில் வைத்துக்கொண்ட வீடு போலத் தீவு திணறுகிறது. இவை அனைத்தையும் தலையில் சுமப்பவன் விழாக்காரியம் பார்க்கும் குன்றஞ்சாத்தன். தாங்கள் அவனை அறியமாட்டீர்கள். நல்லவன். யார் எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பதன்றி வேறு சொல் அறியாதவன். வந்த வினை முழுவதும் அந்த ஒரு சொல்லால் வந்தது.

நம் நாட்டுப் பெரியோர், தலைமை என்று அழைத்தாலன்றி எந்த விழாவுக்கும் பல்லக்கு ஏறுவதில்லை. முன்னிலை என்று அழைத்தால் அன்றே வயிற்றுவலி கண்டுவிடும். அதனால் சாத்தன் ஒவ்வொரு களத்துக்கும் ஒரு தலைமை வைத்தான். முதல்நாள் வில்விழாவுக்குத் தலைமை வடகரை வேந்தர் வெற்றிவேள். மறுநாள் பட்டமளிப்புக்குத் தலைமை தென்கரை வேந்தர் பொறைவேள். தாங்கள் ஈன்ற இந்த இரட்டையர் நாட்டைப் பிரித்துக்கொண்ட நாள்முதல் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்ததில்லை என்பதைச் சாத்தனும் அறிவான். ஒருவர் பரிசளித்துப் படகேறிய பின்னரே மற்றவர் வந்திறங்குவார் என்று நம்பியிருந்தான்.

பருவமல்லாப் பருவத்து மழை அந்த நம்பிக்கையைக் கரைத்துக்கொண்டு போயிற்று. வில்களம் குளமாயிற்று. பந்தயக் குதிரைகள் இலக்கண வகுப்பில் ஈரம் சொட்ட நின்றுகொண்டு, ஆசான்களைவிட அமைதியாக இருக்கின்றன. கூரை ஒழுகாத இடம் தாங்கள் கட்டுவித்த பெருமண்டபம் ஒன்றே. ஆகவே எய்யப்படாத அம்பும் கட்டப்படாத மாலையுமாக எல்லா நிகழ்ச்சிகளும் அங்கே குவிந்து, நாளைக் காலைக்குத் தள்ளப்பட்டன. வில்விழாவும் பட்டமளிப்பும் ஒரே மேடை. மேடையில் ஓர் ஆசனம், ஒரு குத்துவிளக்கு. தலைமையோ இருவர். இருவரும் படையோடு வந்திறங்கி, மண்டபத்துக்கு இருபுறமும் பாசறை அடித்தாயிற்று.

சாத்தன் ஓடாத ஓட்டமில்லை. இரண்டு ஆசனம் இடலாமா என்று கேட்டான். வலப்பக்கம் யாருக்கு என்று இரு பாசறையிலிருந்தும் ஆள் வந்தது. யார் மூத்தவர் என்பதைத் தாங்கள் இன்றுவரை எவருக்கும் சொல்லவில்லையாதலால் அவனால் விடை கூற இயலவில்லை. ஆசனமே வேண்டா, நின்றபடி நடத்தலாம் என்றான். நிற்கலாம், ஆனால் விளக்கின் முதல் முகத்தை ஏற்றுபவர் யார் என்று கேட்டார்கள். மற்றவர் கை அந்தத் திரியைத் தீண்டினால், தம் கரைப் பிள்ளைகளை அக்கணமே வாள்முனையில் அழைத்துச் செல்வதாகவும், சாலைக்கு விட்ட மானிய ஊர்களை மீட்டுக்கொள்வதாகவும் இரு வேந்தரும் ஆணையிட்டுச் சொல்லிவிட்டனர். அதன்பின் தீவில் கல்விச்சாலை இராது. வெறும் தூண்களே எஞ்சும்.

தாயே, பிள்ளைகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. நேற்றுவரை ஒரே பந்தியில் ஒருவர் இலை அப்பளத்தை மற்றவர் பறித்துத் தின்றவர்கள், இன்று வடகரை வரிசை, தென்கரை வரிசை என்று முதுகைத் திருப்பிக்கொண்டு உண்கிறார்கள். வில்விழாவுக்கு மழுக்கி வைத்த அம்புமுனைகளை யாரோ தீட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த அரம் உராயும் ஓசை கேட்ட இடத்திலேயே சாத்தன் உட்கார்ந்துவிட்டான். தன் ஆகட்டும் அத்தனை பிள்ளைகளின் கழுத்துக்கு வந்து நிற்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். தேற்றச் சென்றவர்களுக்கும் கண் கலங்கிற்று.

பின் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசியாக ஒருமுறை இரு பாசறைக்கும் நடந்தான். விட்டுக்கொடுக்க மாட்டீர்களா என்று வடகரையார் காலில் விழுந்தான். தம்மைப் பெற்றவள் ஒருத்தியைத் தவிர வேறெவர்க்கும் பின்னால் தாம் நிற்பதற்கில்லை என்று அவர் சீறினார். தென்கரையார் காலில் விழுந்தான். அவரும் அதே சொற்களை, அதே சீற்றத்தோடு சொன்னார். சேற்றில் நின்றபடியே சாத்தன் பைத்தியக்காரனைப் போலச் சிரித்தானாம். ஆசனத்துக்கு உரியவர் யார் என்பதை இருவருமே சொல்லிவிட்டார்கள்.

ஆனால் சாலை முதியோர் அவை கூடித் தடை சொல்லிற்று. மாமன்னர் மறைந்தபின் தங்களுக்கு எந்த மங்கல விழாவுக்கும் ஓலை போனதில்லை, போவதும் மரபன்று. கணவனை இழந்தவர் கை விளக்கைத் தொடலாகாது. மேடைக்குப் பின்னே திரைமறைவில் அமர்த்தி, பிள்ளைகள் இருவரையும் கண்டிக்கச் சொன்னால் போதும் என்று அவர்கள் தீர்மானித்தனர். அதற்கும் சாத்தன் ஆகட்டும் என்பான் என்றே அனைவரும் காத்திருந்தனர். அவன் முடியாது என்றான். அந்தக் கையால் வைத்த கல்லின் மேலன்றோ நாம் அனைவரும் நின்று பேசுகிறோம், அந்தக் கை ஏற்றாவிடில் நாளை விளக்கே எரிய வேண்டா என்றான். பிறந்தது முதல் அவன் சொன்ன முதல் மறுப்பு அதுவாகத்தான் இருக்கும். முதியோர் அவையும் தங்களுக்கு ஓலை விடுக்க இசைந்தது.

ஆகவே தாயே, இத்தனை காலம் அழையாதவர்கள் கழுத்துக்குக் கத்தி வந்தபின் அழைக்கிறார்களே என்று தாங்கள் நினைத்தால் அது முற்றும் நியாயம். நினைத்துக்கொண்டே படகேறுங்கள். ஏசுவதானால் வந்து ஏசுங்கள். உடுத்திய வெள்ளைச் சேலையோடே வருக. தங்களுக்கு இடப்போவது திரைமறைவு அன்று, நடு ஆசனம்.

வடகரை முத்திரை இட்டால் தென்கரைக் காவல் மறிக்கும். தென்கரை முத்திரை இட்டால் வடகரைக் காவல் மறிக்கும். எனவே சாத்தன் விருந்தினர்க்கான சோற்று வில்லைகளில் குத்தும் விழா முத்திரையே இவ்வோலையில் இடப்பட்டது. இரு படையும் உண்பது அந்த வில்லையைக் காட்டித்தான். ஆதலால் இதை எவரும் மறிக்கமாட்டார்.

இவ்வோலை கொண்டுவரும் ஓடக்காரனுக்கு ஆணை: பெருந்தாயின்றி அவன் ஓடம் தீவுக்குத் திரும்பலாகாது. துறைக்காவலர்க்கு ஆணை: அவர் கால் மண்ணில் பட்டதும் முரசு அறைக; அதன் ஓசை இரு பாசறைக்கும் கேட்குமாறு அறைக. இது பேரமைச்சன் வயிரங்கண்ணன் சொல்ல, குன்றஞ்சாத்தன் தன் கையால் எழுதியது.

எண்ணெய் வார்த்தாயிற்று. திரியும் இட்டாயிற்று. ஏற்ற வாருங்கள், அம்மா.