மதினிக்கு ஸ்டவ் பழக்கினேன், அண்ணாச்சி

பாயில் பாதி இடம் தந்த என் இசக்கிமுத்து அண்ணாச்சிக்கு,

பேச்சி மதினி தாராவிக்கு வந்துவிட்டார். நீங்கள் இறந்த அதே அறையில், உங்களைக் கொன்றதைப் போலவே இன்னொரு பம்பு ஸ்டவ்வில், உங்கள் மனைவி இப்போது எங்களுக்குச் சோறு ஆக்குகிறார். பழக்கிக் கொடுத்தது நான்தான்.

திட்டுவீர்கள். திட்டுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அந்த மழைக்காலக் காலையில் ஸ்டவ் வெடித்து உங்களைத் தூக்கிப்போன பிறகு, ஒரு போலீஸ்காரர் வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "ஜாஸ்தி ஹவா மாரா" என்றார். நீங்கள் காற்றை அதிகமாக அடித்துவிட்டீர்களாம். விசாரணை அத்தோடு முடிந்தது. நீங்கள் இருந்தவரை நம் அறையில் ஆறு பேரும் முறைவைத்துச் சமைத்தோம். உங்கள் முறையில் மட்டும்தான் பருப்பு அடிப்பிடிக்காது, பால் பொங்கி வழியாது. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டே தீயை ஏற்றி இறக்கிய ஆள் நீங்கள். உங்களுக்கா பம்பு அடிக்கத் தெரியாது?

எண்ணெயில் பெட்ரோல் கலந்திருந்தது, அண்ணாச்சி. சந்து முழுக்க அது தெரியும். குடும்பம் இல்லாமல் கூட்டமாகத் தங்கியிருக்கும் நம்மைப் போன்ற ஆம்பளைகளுக்கு யார் ரேஷன் கார்டு கொடுக்கிறார்கள்? கறுப்பில் விற்கிறவன் எதை ஊற்றுகிறானோ அதுதான் நமக்கு மண்ணெண்ணெய். விற்றவன் இன்றைக்கும் அதே முக்கில் அதே தகர டின்னோடு உட்கார்ந்திருக்கிறான். அவனை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஊரில் உங்கள் வீட்டுக்காரர்கள் மதினியை வைத்துக்கொள்ளவில்லை. பீடி சுற்றிப் பார்த்தாராம், இரண்டு வயிற்றுக்குப் போதவில்லை. மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு ரயிலேறி வந்து, அடுத்த சந்தில் நம் ஊர்க்காரக் குடும்பம் ஒன்றில் ஒண்டிக்கொண்டிருக்கிறார். நீங்கள் போன பிறகு நாங்கள் மெஸ்ஸில்தான் சாப்பிட்டுவந்தோம். வந்த மறுநாளே நம் அறை வாசலில் நின்று கேட்டார்: "நீங்க எல்லாரும் வெளிய திங்குத காச எங்கிட்ட குடுங்க. நான் பொங்கிப் போடுதேன். எம்புள்ளைக்கு அனுப்ப எனக்கு வேற வழி இல்ல."

நம் அறைக்காரர்களோடு பக்கத்து அறைக்காரர்களும் சரி என்றார்கள். நான் மட்டும் ஒரு நிபந்தனை போட்டேன். பம்பு ஸ்டவ் கூடாது, திரி அடுப்புதான். அது வெடிக்காது. வாங்கியும் வந்தேன்.

அது வெடிக்கவில்லை. உலையும் கொதிக்கவில்லை. அத்தனை பேருக்கும் வைத்த பெரிய பானையை அந்தத் திரி என்ன செய்யும்? திரியை முழுக்க ஏற்றினால் பானை கரியாகிறது. இறக்கினால் அரிசி ஊறிக்கொண்டு கிடக்கிறது. தோல் பட்டறை ஷிப்டுக்குப் போகிறவன் சோறு வேகும்வரை உட்கார்ந்திருக்க முடியுமா? நம் அறைத் தங்கையா சட்டையை மாட்டிக்கொண்டே கேட்பான்: "மதினி, இன்னைக்கும் பாவ் ரொட்டிதானா? இந்த அடுப்புல இன்னைக்கு வச்ச சோற நாளைக்கு வந்து திங்கட்டுமா?" எல்லோரும் சிரிப்பார்கள். மதினியும் சிரிப்பார்.

பக்கத்து அறைக்காரர்கள்தான் முதலில் நின்றார்கள். பிறகு நம் அறையிலும் ஒவ்வொருவராக மெஸ்ஸுக்கே திரும்பிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெறும் வயிற்றோடு நாள் முழுக்கத் தோல் சுமக்க யாரால் முடியும்? ஆபத்தில்லாத தீ, நேரம் இருக்கிறவர்களுக்குத்தான் சரிப்படும், அண்ணாச்சி.

உங்களுக்கு இன்னொரு சேதி. நான் பட்டறையை விட்டுவிட்டேன். இப்போது மாட்டுங்காவில் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் தூக்குகிறேன். மாடிப்படிகளில் தோள் இற்றுப்போகிறது. ஆனால் அந்த அடுப்புகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பம்பு கிடையாது, அடைப்புக் குத்தும் பின் கிடையாது, புகை கிடையாது. ஒரு திருகு. திருப்பினால் தீ சொன்ன பேச்சைக் கேட்கிறது.

ஒரு வீட்டு மாமி எனக்கே வகுப்பு எடுத்தார். "இந்தாப்பா, பாலுக்கு இவ்ளோதான் வைக்கணும். அப்பளம் பொரிக்கறச்சே முழுக்கத் திருப்பிடணும். சாம்பார் கொதிச்சப்புறம் பாதி. எங்காத்துக் குழந்தைகூடப் பண்ணிடும்." சொல்லிவிட்டுத் தீயைச் சிறிதாக்கிக் காட்டினார். அது நீல மொட்டு மாதிரி அப்படியே நின்றது. உங்கள் காது செய்த வேலையை அந்தத் திருகு செய்துவிட்டது.

எனக்குள் எதுவோ கிளம்பிவிட்டது. கேட்டேன்: "மாமி, உங்க ரேஷன் கார்டுல மண்ணெண்ணெய் வாங்குறீங்களா?"

"கேஸ் வந்தப்புறம் அந்த நாத்தமே வேண்டாம்னுட்டோம்."

"அப்ப உங்க பங்கு யாருக்குப் போவுது?"

"கார்டு கடைக்காரன்கிட்டதானே கெடக்கு. அவன் எதையோ எழுதிக்கறான்."

"எனக்குக் கொஞ்சம் வாங்கித் தருவீங்களா? கலப்படம் இல்லாம வேணும், மாமி. காசு கொடுத்துடுறேன்."

"ஐயோ, அதெல்லாம் வம்புப்பா. காலி சிலிண்டரை எடுத்துண்டு கெளம்பு."

அவர் கெட்டவர் இல்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். அவர் வேண்டாம் என்று விட்ட எண்ணெய்தான் கடையின் பின்வாசல் வழியாக வந்து, நம் முக்கில் பெட்ரோலோடு கலந்து, உங்கள் ஸ்டவ்வுக்குள் போயிருக்குமோ? படியிறங்கும்போதெல்லாம் இதையே நினைக்கிறேன். இதைக் கொண்டுபோய் யாரிடம் சொல்ல? அந்தப் போலீஸ்காரரிடமா?

சாப்பிடுகிறவர்கள் இரண்டே பேராகக் குறைந்த அன்று மதினி சொன்னார்: "தொர, எனக்கு அந்த ஸ்டவ்வச் சொல்லிக் குடு. நீயும் தங்கையாவும் போடுத காசுல நான் எங்க நிக்க? ஊருக்குப் போனா வாசல்ல ஏத்த ஆளில்ல. பயந்து சாவுததுக்குப் பொங்கியே சாவுதேன்."

 நீங்களாக இருந்தால் மாட்டேன் என்றிருப்பீர்களா?

பழைய ஸ்டவ் ஒன்றை வாங்கி, வாஷரும் குழாயும் புதிதாக மாட்டி, கதவை அகலத் திறந்துவைத்துப் பழக்கினேன். நீங்கள் செய்து நான் பார்த்தவற்றைத்தான் சொன்னேன். உலை கொதிக்கும்வரை முழுத் தீ. அரிசி போட்டு மறுபடி கொதி வந்ததும், திருகைத் திறந்து கொஞ்சம் காற்றை விட்டுப் பாதியாக்க வேண்டும். பருப்புக்கு அதற்கும் கீழே. கருவாட்டுக் குழம்பு இறக்கப்போகும்போது தீ இருக்கிறதா இல்லையா என்கிற அளவு. இன்னும் இறக்கினால் மஞ்சளாகப் புகைந்து அணைந்துவிடும். அணைந்ததும் உடனே குச்சியைக் கிழிக்கக் கூடாது, சூடு ஆறட்டும்.

"எத்தன அடி அடிக்கணும்?"

"கணக்குக் கெடையாது மதினி. சத்தத்தக் கேளுங்க. இரைச்சல் சீறலா மாறுச்சுன்னா கைய எடுத்துருங்க."

தீக்குச்சியை என் கையிலிருந்து வாங்கி அவரே கிழித்தார்.  ஸ்டவ் நீலமாக எரிந்ததும் கேட்டார்: "அவிய எந்தப் பக்கம் உக்காந்திருந்தாவ?"

சுவரோரத்தைக் காட்டினேன். மணையை இழுத்து அங்கேயே போட்டு உட்கார்ந்தார். "இங்ஙன இருந்தாத்தான் பம்பு கைக்கு எட்டுது" என்றார்.  நான் வெளியே போய்ச் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சோறு நன்றாக வந்தது, அண்ணாச்சி. உங்கள் சோறு மாதிரியே பருக்கை பருக்கையாக. தங்கையா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "மெஸ்காரன் கடையப் பூட்டிட்டு ஊரு போய்ச் சேர வேண்டியதுதான்" என்று கத்தினான். போனவர்கள் திரும்பி வந்தார்கள். மகளுக்கு முதல் மணியார்டரும் போனது. எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் அந்த இரைச்சல் தொடங்கினாலே கதவைத் திறந்துவைக்க எழுந்துவிடுகிறேன். வேலைக்குப் போனாலும் காது இங்கேயே கிடக்கிறது.

ஏனென்றால் எண்ணெய் அதே எண்ணெய்தான்.

ஒன்று மட்டும் செய்கிறேன். ஸ்டவ்வில் ஊற்றும் முன்னால் வெளியே கல்லின்மேல் கொஞ்சம் விட்டு, குச்சியைக் கிழித்துக் காட்டுகிறேன். நல்ல எண்ணெய் என்றால் சட்டென்று பிடிக்காது. கலந்தது என்றால் குச்சி தொடும் முன்னே குப்பென்று பிடிக்கும்.

நேற்று பிடித்தது. மதினி பார்த்துக்கொண்டு நின்றார். "இம்புட்டையுமா கொட்டப் போற? அத்தன பேரும் பசியோட வருவாவளே" என்றார். கொட்டினேன். அவர் வெறும் பானையைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போய்விட்டார். வந்தவர்கள் என்னை வைதுகொண்டே வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். ஒருவர் இனி வரமாட்டேன் என்று சொல்லியே போய்விட்டார். இன்னும் இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் மதினியின் பிழைப்பு முடிந்துவிடும். எனக்கு அது தெரியும்.

அவர் இங்கே நன்றாக வாழ்வார் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அந்த எண்ணெய்க்காரனை எவனாவது பிடிப்பான் என்றும் சொல்ல மாட்டேன். குப்பென்று பிடிக்கிற எண்ணெயில் ஒரு சொட்டைக்கூட அந்த ஸ்டவ்வில் ஊற்ற விடமாட்டேன், அண்ணாச்சி. மதினி வைதாலும் சரி, எல்லோரும் பட்டினி கிடந்தாலும் சரி. சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவராகப் போகலாம். அவரும் ஒருநாள் தோற்றுப்போய் ஊருக்கு ரயிலேற வேண்டி வரலாம்.

உயிரோடு ஏறுவார்.

மதினிக்குக் கொழுந்தனாகவும் இருக்கிற உங்கள் தம்பி,
துரைப்பாண்டி
தாராவி, பம்பாய்