சனிக்கிழமை ஆட்டம்

ஜூலை 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். பாப்பா கணக்குப் பரீட்சையில் நூற்றுக்கு நாற்பத்தொன்று. நான்கு கணக்குகளைத் தொடவே இல்லை. அடித்துத் திருத்திய இடங்களின் ஓரத்தில் எல்லாம் ‘இங்கே அவசரப்பட்டேன்’, ‘கழித்தல் குறியை விட்டேன்’ என்று எழுதி வைத்திருக்கிறாள். டீச்சர் கூப்பிட்டுக் கேட்டபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எல்லாம் உங்கள் டேபிள் டென்னிஸ் படுத்தும் பாடு. முழுத்தேர்வு முடியும்வரை சனிக்கிழமை அவளை உங்களிடம் அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா

ஜூலை 6

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆமாம், அவள் ஓரத்தில் எழுதியது நம் வீட்டு ஆட்ட விதிதான். பாயிண்டை விட்டவர் தன் தப்பைத் தானே சொல்லிவிட்டுத்தான் பந்தைப் பொறுக்க வேண்டும். எதிரே நிற்பவர் வாய் திறக்கக் கூடாது. மூவரும் சேர்ந்து ஆடிய காலத்தில் நீயும் சொன்னவள்தானே? அதை அவள் கணக்குக்குக் கொண்டுபோனதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பரீட்சையில் மணி அடித்துவிடும் என்று சொல்லிக் கொடுக்காதது என் தப்பு. இனி நான் வேலை பார்க்கும் அச்சகத்துச் சாப்பாட்டு மேசையில் கடிகாரம் வைத்து ஆடுகிறோம். பரீட்சைக்கு முன் இரண்டு சனிக்கிழமை காய்ச்சல் என்று நீ அனுப்பவில்லையே, அதையும் யோசி. வாரத்தில் எனக்கென்று இருப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். அதைப் பிடுங்காதே.

அன்புடன்,
பாப்பா அப்பா

ஜூலை 11

பாப்பாவின் அப்பாவுக்கு,

நேற்று, “எல்லாம் உங்கப்பா பண்ற வேலைடீ” என்று அவளிடம் கத்தினேன். “நீயும் அப்பாவும் மாத்தி மாத்தி அடுத்தவங்க தப்பையே சொல்றீங்க. ஆட்டத்துல அது செல்லாதும்மா” என்றாள். கை நீட்டிவிட்டேன். பத்து வயதுவரை ஒரு அடி வாங்காத பிள்ளை. அழவில்லை, கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

அந்த இரண்டு சனிக்கிழமையும் அவளுக்குக் காய்ச்சல் இல்லை. உங்களிடம் பொய் சொல்லிவிட்டு நாள் முழுக்கப் படிக்க உட்கார வைத்தேன். சொல்லக் கூடாதென்று அவளிடம் சத்தியமும் வாங்கினேன். அப்படிப் படித்து வாங்கியதுதான் நாற்பத்தொன்று. பழியை ஆட்டத்தின் மேல் போட்டேன். இன்று காலை அவளிடமும் இதை ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு வந்து அழைத்துப் போங்கள். வீட்டை விட்டு ஏன் போனீர்கள் என்று கேட்கப் போகிறாள். என் பெயரை இழுக்காமல் பதில் சொல்லுங்கள்.

பாப்பா அம்மா