அணைச் சுண்ணாம்பும் இளவரசியின் முன்கை எலும்பும்

ஆறு வற்றாது வருக. அது தொடும் ஊரெல்லாம் பசியின்றி வாழ்க. ஏழு மதகுகளின் காவலரும், மேலாற்று நாட்டின் மன்னருமாகிய அருமணிக்கோ அவர்களின் ஆணைப்படி அமைச்சன் தேவன்சாத்தன் எழுதும் ஓலை. நெல்விளை நிலங்களின் தாயும், கீழாற்று நாட்டின் அரசியாருமாகிய வெண்கோதையார் திருமுன் இது வணக்கத்துடன் சேர்க.

தாங்கள் அனுப்பிய எலும்பு மருத்துவர் நல்லியக்கியார் எங்கள் அரண்மனையில் நலமாக இருக்கிறார். ஆற்று நீரின் பங்கு குறித்து நம் இரு நாடுகளுக்கும் மனத்தாங்கல் இருந்த வேளை அது. கொய்யா மரத்திலிருந்து விழுந்து இளவரசி அல்லி வலக்கையை முறித்துக்கொண்டாள் என்று எம் அரசர் எழுதியதும், பழைய பேச்சு எதையும் எடுக்காமல் அன்றே படகு ஏற்றி அவரை அனுப்பினீர்கள். அந்தப் படகு துறையில் ஒதுங்கியபோது அரசர் முழங்கால் நீரில் இறங்கி நின்றார். அதை இன்றும் அவரால் கண் கலங்காமல் சொல்ல முடிவதில்லை.

மருத்துவர் எலும்பை நேர்ப்படுத்தினார். உளுந்து மாவும் முட்டையின் வெள்ளைக்கருவும் தடவிய துணியைச் சுற்றி, மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டினார். தாம் சொல்லும் வரை கட்டை அவிழ்க்கலாகாது என்றார். எல்லாம் சீராகச் சென்றிருக்கும். ஆனால் மலையில் மழை முந்திக்கொண்டது, புதுவெள்ளமும் முன்னதாகவே வந்துவிட்டது.

எங்கள் நாட்டு வழக்கம் தாங்கள் அறிந்ததே. பட்டத்துக்கு உரிய பிள்ளை தன் எட்டாம் வயதில் வரும் புதுவெள்ளத்தன்று, முதல் மதகின் பலகையை வலக்கையால் மட்டும் தூக்கவேண்டும். தூக்காவிட்டால் பட்டம் அரசரின் தம்பி வீட்டுக்குப் போய்விடும். அல்லிக்கு இது எட்டாம் வயது.

அவை கூடியது. கட்டுப் போட்ட கையோடு இளவரசியும், உடன் மருத்துவரும் வந்திருந்தார்கள். அணைத்தலைவர் ஓரிநம்பியார் எழுந்தார். அரசருக்குத் தாய்மாமன், இளவரசிக்குத் தாத்தா முறை. மேலாற்று மக்களாகிய நாங்கள் அணை கட்டிப் பிழைப்பவர்கள், எதையும் கல்லையும் சுண்ணாம்பையும் வைத்தே அளப்பவர்கள். அணையில் விரிசல் விழுந்து பூசினால் இத்தனை நாளில் சுண்ணாம்பு இறுகி இரும்பாகியிருக்கும், எலும்பும் கல்தானே, இனி அவிழ்த்தால் என்ன என்று அவர் கேட்டார். அவை முழுவதும் தலையசைத்தது. சிறு வயதில் கல் சுமந்து வளர்ந்த எம் அரசரும் தலையசைத்தார்.

நல்லியக்கியார் குறுக்கிட்டார். முறிந்த இடத்தில் புது எலும்பு இப்போதுதான் காது மடலைப்போல் மெத்தென்று வளர்ந்திருக்கிறது, பாரம் தூக்கினால் வளைந்து வாழ்நாள் முழுதும் கை கோணலாகவே நிற்கும் என்றார். கட்டை அவிழ்த்தால் மகளின் கை போகும். விட்டுவைத்தால் மகளின் பட்டம் போகும். ஆயினும் அவையின் பார்வை அவரை உந்த, எழுந்து சென்று கட்டின் முடிச்சில் விரல் வைத்தார்.

அதன்பின் இளவரசி சொன்னதை அவள் வாயிலிருந்து வந்தபடியே எழுதவேண்டும் என்பது அரசரின் கட்டளை.

"அப்பா, எலும்பு கல்லு இல்ல. நம்ம அணை போன வருஷத்தவிட வளந்திருக்கா? நான் வளந்திருக்கேனே. அது உசிரோட இருக்குப்பா. உள்ள ரத்தம் ஓடுது."

முடிச்சிலிருந்து அரசரின் விரல் விலகியது. இளவரசி அத்துடன் நிற்கவில்லை. படுக்கையில் இருந்த நாளெல்லாம் மருத்துவரைக் கேள்விகளால் துளைத்தவள் அல்லவா? தாத்தாவிடம் போய்க் குனியச் சொன்னாள். அவர் குனிந்ததும், இடக்கையால் அவர் முதுகைத் தடவி, அடுக்கடுக்காகத் தட்டுப்படும் சிறு எலும்புகளை அவையோருக்குக் காட்டினாள்.

"பாருங்க, ஒரே தூணா இருந்தா தாத்தாவால அப்பாவுக்கு வணக்கமே வைக்க முடியாது."

அவை சிரித்தது, ஓரிநம்பியாரும் குனிந்தபடியே சிரித்தார். மூளைக்கு மண்டையோடு கவசம் என்றும், நெஞ்சையும் நுரையீரலையும் விலாவெலும்புகள் கூடைபோல் சூழ்ந்து காக்கின்றன என்றும் அவள் சொன்னாள். முழங்கை கதவுபோல் ஒரு பக்கமே மடங்கும், தோளோ எல்லாப் பக்கமும் சுழலும் என்று தோளைச் சுழற்றப் போனவளை மருத்துவர் பிடித்து நிறுத்தினார். உடலிலேயே மிக நீளமான எலும்பு தொடையில் இருக்கிறதாம், மிகச் சிறியது காதுக்குள் இருக்கிறதாம். எலும்புக்குள் இருக்கும் மச்சையில்தான் புது இரத்தம் ஊறுகிறதாம். பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ முந்நூறு எலும்புகள். வளர வளரச் சில ஒன்றோடொன்று கூடி, பெரியவர்களுக்கு இருநூற்று ஆறுதான் இருக்குமாம். அப்படியானால் தாத்தாவைவிடத் தன்னிடம் எலும்புகள் அதிகம் என்று சொன்னபோது அவள் குரலில் இருந்த பெருமிதத்தை இந்த எழுத்தாணியால் எழுத இயலாது.

பட்டம் போய்விடுமே என்று ஒருவர் முணுமுணுத்தார். அதற்கும் அவளே விடை சொன்னாள்.

"மதகு அடுத்த வருஷமும் இங்கதான் இருக்கும். அவசரப்பட்டா என் கை கோணிக்கும்னு அத்தை சொல்றாங்க."

மருத்துவரை அவள் அத்தை என்றே அழைக்கிறாள். ஓரிநம்பியார் நிமிர்ந்து, தமக்குச் சுண்ணாம்பு தெரிந்த அளவுக்கு உயிர் தெரியவில்லை என்று அவையறியச் சொல்லி, கட்டை விட்டுவைக்கலாம் என்று முதலில் கைதூக்கினார். பட்டமும் அதுவரை காத்திருக்கட்டும் என்று அரசரின் தம்பியும் உடனே கைதூக்கினார். இவ்வாண்டு மதகைத் தந்தையே திறந்தார். ஆறு எப்போதும்போல் வந்தது.

ஆகவே மேலாற்று அரசரின் ஆணைகள் வருமாறு. பட்டத்துப் பிள்ளை உடல் நலத்தோடு இருக்கும் ஆண்டில் மதகு திறந்தால் போதும். பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் தங்கள் எலும்புகளைத் தங்கள் உடலிலேயே தொட்டு அறிந்துகொள்ளவேண்டும். கேழ்வரகும் பாலும் கீரையும் இளவெயிலும் எலும்புக்கு உரம் என்பதையும் கற்கவேண்டும். இனி ஆண்டுதோறும் புதுவெள்ளத்தின் முதற்பங்கு தங்கள் கீழாற்று வயல்களுக்கே பாயும்; எங்கள் வயல்கள் அதன்பின் நனையும். ஒரு தகப்பனின் நன்றி இது. எந்தக் காலத்திலும் இதைத் திரும்பப் பெறலாகாது.

இந்த ஓலை தங்கள் திருக்கையில் தங்குக. நம் இரு கரைகளும் உறவால் இணைக. நீரலை முத்திரை இட்டோம்.

முத்திரைக்குக் கீழே கோணல்மாணலாக இருக்கும் எழுத்துகள் ஏடு எழுதுவோரின் பிழை அல்ல. கட்டு அவிழ்ந்த அன்று, நேராக நீண்ட தன் வலக்கையால் எழுத்தாணி பிடித்து இளவரசி எழுதியவை. திருத்தலாகாது என்று அரசர் தடுத்துவிட்டார்.

அரசியம்மாவுக்கு அல்லியின் வணக்கம். கை வலிக்கவில்லை.